நூல் சுற்றிய மூக்குக்கண்ணாடி: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் நினைவு மலர்களின் வடிவமைப்பைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களிலிருந்து ஐந்தை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: விஷுவல் கம்யூனிகேஷன் இறுதியாண்டு படிக்கிறேன். காலமான என் பாட்டியைப் பற்றி ஆறு போஸ்டர்கள் கொண்ட ஒரு புராஜெக்ட் செய்தேன். பழைய மரக்கதவு, அணைந்த குத்துவிளக்கு, நின்றுபோன சுவர்க்கடிகாரம், எல்லாவற்றின் மேலும் ஒரு பழுப்பு நிறம் என்று கவனமாகத்தான் செய்தேன். வழிகாட்டி ஆசிரியரோ, “அழகாக இருக்கிறது, ஆனால் மனதில் எதுவும் தோன்றவில்லை” என்று சொல்லிவிட்டார். உணர்ச்சியை வடிவமைப்பில் கொண்டுவருவது எப்படி? (மாணவி, கோயம்புத்தூர்)

பதில்: நீங்கள் அனுப்பிய ஆறு போஸ்டர்களையும் பார்த்தேன். ஆசிரியர் சொன்னதில் நியாயம் இருக்கிறது; அவற்றில் உங்கள் பாட்டி இல்லை. அணைந்த விளக்கும் நின்ற கடிகாரமும் யாருடைய பாட்டிக்கும் பொருந்தும். சினிமாவிலும் காலண்டரிலும் பார்த்துப் பார்த்துப் பழகிப்போன துக்கக் குறிகள் அவை. பார்ப்பவர், “சரி, யாரோ இறந்திருக்கிறார்கள்” என்று புரிந்துகொண்டு அடுத்த சுவருக்கு நகர்ந்துவிடுவார்.

வியட்நாம் போரில் உயிரிழந்த அமெரிக்கர்களுக்கு நினைவுச்சின்னம் அமைப்பதற்காக 1981-இல் ஒரு போட்டி நடந்தது. வந்த 1,421 வடிவங்களில் தேர்வானது, யேல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாயா லின் அனுப்பியது. 1982-இல் வாஷிங்டனில் திறக்கப்பட்ட அந்தச் சுவரில் வீரனின் உருவமோ துப்பாக்கியோ கிடையாது. மெருகேற்றிய கருங்கல்லில் 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் மட்டுமே இருக்கின்றன. (அந்தக் கல் நம் பெங்களூர்ப் பக்கத்திலிருந்து போனது.) கட்டடக் கலைஞர்கள் அதைத் தங்கள் கலையில் சேர்த்துக்கொள்வார்கள், எனக்கோ அது எழுத்தை அடுக்கும் வேலையாகவே தெரிகிறது. பெயர்களை அகரவரிசையில் போடாமல், இறந்த நாளின் வரிசையில் போட்டதுதான் லின் எடுத்த பெரிய முடிவு. அகரவரிசையில் போட்டிருந்தால் ஸ்மித்துகளே நூற்றுக்கணக்கில் ஓரிடத்தில் குவிந்து, சுவர் தொலைபேசிக் கையேட்டைப் போல ஆகியிருக்கும். நாள் வரிசையில் போட்டதால், ஒரே சண்டையில் விழுந்தவர்கள் சுவரிலும் அடுத்தடுத்து நிற்கிறார்கள்; பிழைத்து வந்த தோழன் ஒருவன் தன் நண்பனின் பெயரைத் தேடிப் போனால், அந்த நாள் முழுவதும் அவன் கண்முன் வந்துவிடுகிறது. பதவிகள் எழுதப்படவில்லை, எல்லாப் பெயர்களும் ஹெர்மன் ஸாப்ஃப் வடிவமைத்த ஆப்டிமா எழுத்துருவில், ஒரே அளவில் இருக்கின்றன. பளபளக்கும் கல்லில், படிப்பவரின் முகமும் பெயர்களினூடே தெரிகிறது. கண்ணீர்த் துளி ஒன்றுகூட வரையப்படாத அந்தச் சுவரின் மேல்தான் மக்கள் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து, தமக்கு வேண்டியவரின் பெயரை வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள்.

உங்கள் கடிதத்தின் கடைசியில், ஏதோ முக்கியமில்லாததைச் சொல்வதுபோல, அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் பாட்டி எழுதிய மளிகைச் சீட்டு ஒன்று கிடைத்தது என்று எழுதி, அதன் படத்தையும் வைத்திருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் உங்கள் புராஜெக்ட் அந்தச் சீட்டுதான். பெரிதாக்கிப் பார்த்தேன். கடலைப் பருப்பிலும் வெற்றிலையிலும் வரும் ‘லை’ இன்று நாம் எழுதுவதைப் போல இல்லை; யானையின் துதிக்கையைப் போல வளைந்த பழைய வடிவத்தில் இருக்கிறது. 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துவதற்கு முன்பே எழுதப் பழகிய கை அது என்று அந்த ஓர் எழுத்தே சொல்லிவிடுகிறது. அதைவிட, காப்பித்தூளுக்கு நேரே 200 என்று எழுதி, அடித்து, 100 என்று திருத்தியிருக்கிறாரே, அங்கே நான் சற்று நேரம் நின்றுவிட்டேன். மாதக் கடைசி நெருங்கிய ஒரு வீடு முழுவதும் அந்த அடித்தலுக்குள் இருக்கிறது.

சீட்டை 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்யுங்கள். மஞ்சள் கறையையும் மடிப்பையும் அழிக்க வேண்டாம். வாசகங்களைக் கணினியில் தட்டச்சு செய்ய முயன்றால் ஏமாற்றமே மிஞ்சும். ஒருங்குறியில் (யூனிகோடு) பழைய ‘லை’க்குத் தனிக் குறியீடு கிடையாது, எழுத்துரு எந்த வடிவத்தைத் தருகிறதோ அதுதான் வரும். ஆகவே பாட்டியின் எழுத்தையே கோடு பிடித்து வரைந்து எடுங்கள். ஒரு போஸ்டருக்கு ஒரு பொருள் என்று, அந்த ‘லை’ ஆள் உயரத்துக்கு நிற்கும்படி பெரிதாக்கலாம். கடைசிப் போஸ்டரில் 200-ம் அதன் மேல் விழுந்த கோடும் 100-ம் மட்டும் இருக்கட்டும். சுவரில் மாட்டும்போது சீட்டில் உள்ள வரிசையை மாற்றாதீர்கள், அவர் மனதில் கடை அந்த வரிசையில்தான் இருந்திருக்கும். பழுப்பு நிறத்தை எடுத்துவிடுங்கள். காகிதமே வேண்டிய அளவு பழுத்திருக்கிறது.

கேள்வி: சோகம் என்றாலே எல்லோரும் கறுப்பு வெள்ளைக்குப் போவது ஏன்? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: அது சுலபம் என்பதால்தான். நம் வீடுகளில் துக்கத்தின் நிறம் வெள்ளை. ஒரு பத்திரிகை வந்தால் அது உத்தரகிரியைப் பத்திரிகை என்பதைக் கறுப்பு மை மட்டும் சொல்வதில்லை. மூலையில் மஞ்சள் தடவப்படாததும் சேர்ந்துதான் சொல்கிறது. அங்கே இல்லாத நிறமே செய்தியாகிவிடுகிறது. நியூயார்க் நகரத்தின் மீதான அன்பைச் சொல்ல மில்டன் கிளேசர் 1970-களில் வரைந்த, சிவப்பு இதயத்தோடு கூடிய ‘I ♥ NY’ சின்னத்தைப் பனியன்களில் பார்த்திருப்பீர்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அவர் அந்த வாசகத்தோடு ‘முன்னெப்போதையும் விட’ என்ற பொருளில் சில சொற்களைச் சேர்த்து, இதயத்தின் கீழ்ப்பகுதியில் ஓரமாக ஒரு சிறிய கருகலை மட்டும் வைத்தார். இதயம் முழுவதையும் கறுப்பாக்கியிருந்தால் அந்தக் காயம் தெரிந்தே இருக்காது.

கேள்வி: டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் கேட்டு வருகிறவர்கள் இரண்டு மணி நேரத்தில் வேண்டும் என்பார்கள். இறந்தவரின் படத்தைவிட, வருந்துகிறவர்களின் படங்களுக்குத்தான் இடம் அதிகம் கேட்கிறார்கள். இதில் வடிவமைப்பு என்று பேச என்ன இருக்கிறது? (கடை உரிமையாளர், தஞ்சாவூர் மாவட்டம்)

பதில்: நிறையவே இருக்கிறது. தெருவில் போகிறவர்கள் நின்று படிக்கும் நினைவு வடிவமைப்பைச் செய்துகொண்டிருப்பவர்கள் உங்களைப் போன்றவர்கள்தான். அதைக் கேலி செய்கிறவர்கள், துக்க வீட்டு ஆட்கள் தலைக்கு மேல் நிற்கும்போது உங்கள் நாற்காலியில் ஒரு முறை உட்கார்ந்து பார்க்கட்டும்.

வருந்துவோர் படங்களோடு சண்டை போடாதீர்கள். “நாங்களும் இந்த வீட்டைச் சேர்ந்தவர்கள்” என்று ஊருக்குச் சொல்ல அவர்களுக்குக் கிடைக்கும் இடம் அது. எல்லாப் படங்களையும் ஒரே அளவில், கீழே ஒரே வரிசையில், உறவு முறைப்படி வைத்துவிட்டால், யார் பெரிது யார் சிறிது என்ற வழக்கு எழாது, மேலே முழு இடமும் இறந்தவருக்குக் கிடைத்துவிடும். ரோஜா, மெழுகுவத்தி, பறக்கும் புறா எல்லாம் கோரல் டிராவில் தயாராக வைத்திருப்பீர்கள். அவற்றில் இரண்டைக் குறைத்தாலே முகம் மேலெழுந்து வரும். நடுகல்லில் வீரனின் பெயரையும் பீட்டையும் (பெருமையையும்) எழுதி மயிற்பீலி சூட்டினார்கள் என்று அகநானூறு சொல்கிறது. மூன்றே உறுப்புகள்தான், அத்தனையும் அந்த ஒருவனுக்குரியவை.

பீடு என்பதற்கு இன்று என்ன போடுவது என்று கேட்பீர்கள். படத்தைக் கொண்டுவரும் பையனிடம், “ஊரில் அவரை எப்படிக் கூப்பிடுவார்கள்?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். ‘டெய்லர் மாமா’ என்றோ ‘பம்புசெட்டு ஐயா’ என்றோ ஒரு பதில் வரும். அதைப் பெயருக்குக் கீழே, பேருந்தில் போகிறவருக்கும் தெரிகிற அளவில் போடுங்கள். இரண்டு மணி நேரத்தில் அரை நிமிடம்தான் இதற்குச் செலவாகும்.

கேள்வி: நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். அம்மாவின் 31-ஆம் நாளுக்கான நினைவு மலரை நானே வடிவமைக்கிறேன். 1995 இடப்பெயர்வில் அல்பங்கள் எல்லாம் போய்விட்டன. அம்மாவின் இளமைக்காலப் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. அந்தப் பக்கங்களை எதைக் கொண்டு நிரப்புவது? (வாசகி, டொராண்டோ)

பதில்: நிரப்ப வேண்டாம் என்றுதான் முதலில் சொல்ல வருகிறது. இணையத்தில் கிடைக்கும் பனந்தோப்புப் படத்தையோ சூரியோதயத்தையோ அந்த இடத்தில் வைத்தால், இல்லாத படம் இன்னொரு முறை தொலைந்துபோகும். 2001 செப்டம்பர் 24 தேதியிட்ட நியூயார்க்கர் இதழின் அட்டையில் ஆர்ட் ஸ்பீகல்மன் இடிந்துபோன இரட்டைக் கோபுரங்களைக் கறுப்பின் மேல் கறுப்பாக அச்சிட வைத்தார். முதல் பார்வைக்கு அட்டை வெறும் கறுப்பு. இதழைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தால்தான் கோபுரங்கள் நிற்பது தெரியும். இல்லாததை இல்லாததாகவே காட்டுவதற்கும் அச்சில் வழி உண்டு.

உங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்று சொல்லி, அந்தியேட்டி என்னும் 31-ஆம் நாள் சடங்கின்போது கொடுக்கும் சிறுநூலில், தேவார திருவாசகங்களோடு இறந்தவரின் வரலாற்றையும் பாட்டாக எழுதி வைக்கும் வழக்கம் உண்டு. சொல்லே முகத்தைத் தாங்கி நிற்கும் வடிவம் அது. ஆகவே படம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய கோட்டில் ஒரு சட்டம் மட்டும் போட்டு, அதற்குள் அந்தப் படத்தைப் பார்த்த ஒருவரின் நினைவை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். “கலியாணப் படம்: அம்மா சிரிக்கவில்லை, அப்பா கைக்கடிகாரம் தெரியும்படி கையை முன்னால் வைத்திருந்தார்” என்பது போல. எழுதுகிறவர் யார் என்று அடியில் முறையைப் போடுங்கள்: தங்கச்சி, பெரியம்மாவின் மகன், பக்கத்து வளவுக்காரர்.

இன்னொன்றும் செய்து பார்க்கலாம். சகோதரர்கள் ஒவ்வொருவரிடமும், மற்றவரைக் கேட்காமல், ஊரில் இருந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து வரைந்து அனுப்பச் சொல்லுங்கள். ஒருவர் மாமரத்தைக் கேற்றுக்குப் பக்கத்தில் நடுவார், இன்னொருவர் குசினிக்குப் பின்னால் கொண்டுபோய் வைப்பார். யாரையும் திருத்தாதீர்கள். எல்லா வரைபடங்களையும் ஒரே அளவாக்கி, டிரேசிங் தாளில் தனித்தனியாக அச்சிட்டு ஒன்றன்மேல் ஒன்றாகத் தைத்துவிட்டால், கோடுகள் ஒன்றையொன்று விட்டு விலகியும் தழுவியும் கிடக்கும். கிணற்றடியைப் போல எல்லோரும் ஒரே இடத்தில் வைத்த ஒன்றிரண்டு மட்டும் அடர்ந்து தெரியும். அதற்கு விளக்கக் குறிப்பு எதுவும் வேண்டியதில்லை.

‘மலர்வு – உதிர்வு’ என்ற சொற்களையும் ‘அன்னை மடியில் – ஆண்டவன் அடியில்’ என்ற வழக்கையும் பழையவை என்று தள்ளிவிடாதீர்கள். வருகிறவர்களின் கண் அவற்றைத்தான் தேடும். எழுத்து 12 புள்ளிக்குக் குறைய வேண்டாம். அந்த நூலை முழுதாகப் படிக்கப் போகிறவர்கள் அம்மாவின் வயதுக்காரர்கள்.

கேள்வி: அப்பாவின் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியில் கொடுத்தேன். நொடியில் வண்ணம் வந்துவிட்டது, கீறல்களும் சுருக்கங்களும் மறைந்தன. அம்மா பார்த்துவிட்டு, “யார் இது?” என்று கேட்டார். எங்கே தவறு? (வாசகர், சேலம்)

பதில்: செயலி தன் வேலையைத்தான் செய்திருக்கிறது. அடர்ந்த பச்சையும் அரக்கும் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறமாக விழுந்துவிடலாம். அந்தச் சாம்பலிலிருந்து பழைய நிறத்தைத் திரும்ப எடுக்க வழியில்லை. ஆகவே செயலி, தனக்குக் கற்பிக்கப்பட்ட எண்ணற்ற வேறு படங்களை வைத்துக்கொண்டு, இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஊகிக்கிறது. மங்கிய முகத்தையும் அப்படியே நிரப்புகிறது. கன்னத்தில் எது கீறல், எது தழும்பு என்பது அதற்குத் தெரியாது. உங்கள் அம்மாவுக்குத் தெரியும்.

செயலியைக் குறை சொல்ல எனக்கும் தகுதி இல்லை. பல ஆண்டுகளுக்கு முன், ஒரு பள்ளி ஆசிரியரின் நினைவு மலருக்காக அவருடைய படத்தைச் சீர்செய்தேன். மூக்குக்கண்ணாடியின் வலது காம்பில் கறுப்பாக ஏதோ மொத்தையாக இருந்தது. தூசி என்று நினைத்து, ஃபோட்டோஷாப்பில் பொறுமையாக அழித்து, காம்பை நேராக வரைந்தும் வைத்தேன். செய்து முடித்ததும் எனக்கே பெருமையாக இருந்தது. அச்சான 300 பிரதிகளை வாங்க வந்த அவருடைய மகள் அட்டையைப் பார்த்ததும், “நூல் எங்கே?” என்றார். காம்பு உடைந்தபோது, ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த அந்தப் பெண்தான் கறுப்புத் தையல் நூலைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தாராம். அவரும் புதுக் கண்ணாடி வாங்காமல் கடைசிவரை அதையே போட்டிருந்திருக்கிறார். அட்டையை மட்டும் என் செலவில் மறுபடி அச்சிட்டுக் கொடுத்தேன்.

உங்கள் அப்பாவின் மூலப் படத்தை ஸ்கேன் செய்து, அந்தக் கோப்பைத் தொடாமல் தனியே வையுங்கள். அதன் பெரிய பிரதி ஒன்றை எடுத்து அம்மாவிடம் கொடுத்து, எது கறை, எது அவர் என்று பென்சிலால் வட்டமிடச் சொல்லுங்கள். காகிதத்தின் மடிப்பையும் பூஞ்சையையும் மட்டும் தனி லேயரில் சரிசெய்தால் போதும். வண்ணம் வேண்டும் என்றே ஆசைப்பட்டால், அன்று போட்டிருந்த சட்டையின் நிறம் நினைவிருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். இருந்தால், சட்டைக்கு மட்டும் அந்த நிறத்தைப் போடுங்கள்.