குரல்வளை எடுத்த பின் பேச்சு: வாய்ஸ் ப்ராஸ்தெசிஸ் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்குக் குரல்வளையை எடுத்து ஒரு மாதம் ஆகிறது. வால்வு வைத்திருக்கிறார்கள். மூச்சு விடும் கழுத்துத் துளையை மூடினால் சத்தமே வரவில்லை. வால்வு பழுதாங்க?

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவும்மா. வாய்ஸ் ப்ராஸ்தெசிஸ் என்கிற இந்த வால்வு தானாகச் சத்தம் போடாது. மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே போட்ட சிறு துளையில் உட்கார்ந்து, நுரையீரல் காற்றை உணவுக்குழாய்க்குள் விடும் ஒருவழிக் கதவு அது. அந்தக் காற்றில் தொண்டையின் கீழ்ப்பகுதிச் சதை அதிர்ந்துதான் குரல் பிறக்கிறது.

அப்பாவின் பெருவிரலைக் கவனியுங்கள். 'புஸ்' என்று காற்று கசிந்தால் கழுத்துத் துளை சரியாக மூடவில்லை. அதற்காக அமுக்கினால் உள்ளே உணவுக்குழாய் நசுங்கிக் குரல் அடைத்துவிடும். கசியாத அளவுக்கு லேசாக மூடினால் போதும். சாதாரணமாக மூச்சை இழுத்து, மூடி, உடனே 'ஆ' சொல்லட்டும். அது இரண்டு மூன்று விநாடி நின்றால் 'பாட்டி', 'டீ', பிறகு ஒன்று, ரெண்டு, மூணு. அப்புறம் ஒரு மூச்சுக்கு மூன்று நான்கு வார்த்தை. 'ஹலோ'வில் ஹ சரியாக வராது, 'அலோ' போதும்.

விரல் சரியாக இருந்தும் திக்கித் திணறினால் தொண்டைத் தசை இறுகியிருக்கலாம். ஈஎன்டி டாக்டரும் ஸ்பீச் தெரபிஸ்ட்டும் சேர்ந்து பார்க்க வேண்டும். தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி பலருக்குப் பலன் தருகிறது.

கேள்வி: ஐயா, தண்ணீர் குடித்தாலே இருமல் வருகிறது. வால்வு போட்டு மூன்று மாதம்.

பதில்: கசிவு. எங்கிருந்து என்று கண்டுபிடிப்பதுதான் முக்கியம், ஏனென்றால் வைத்தியம் வேறு வேறு. கண்ணாடி முன் உட்கார்ந்து டார்ச் அடித்து, பால் சேர்க்காத ஆறிய காபி ஒரு வாய் குடியுங்கள். பீட்ரூட் சாறு வேண்டாம், ரத்தமோ என்று குழப்பும்.

வால்வின் நடுவிலிருந்து சொட்டினால் கதவு மூடவில்லை. முதலில் வால்வு சுத்தம் செய்யும் பிரஷ்ஷை நனைத்து உள்ளே விட்டுச் சுற்றி எடுங்கள், சோற்றுப் பருக்கைகூடக் கதவைத் திறந்தே வைத்திருக்கும். அப்படியும் சொட்டினால் பெரும்பாலும் பூஞ்சை படிந்திருக்கும், மாற்ற வேண்டியதுதான். மூன்று மாதம் ஓடியது சராசரிதான், கவலைப்படாதீர்கள். அதுவரை வால்வை அடைக்கும் பிளக் இருந்தால் சாப்பிடும்போது போட்டுக்கொள்ளலாம், ஆனால் பிளக் போட்டிருக்கும்வரை பேச முடியாது.

வால்வைச் சுற்றிக் கசிந்தால் கதை வேறு. வால்வு துளையின் அளவுக்கு அதிக நீளமாகிப்போய் முன்னும் பின்னும் ஆடுகிறதா பாருங்கள். ஆபரேஷன் வீக்கம் வடிந்த பிறகு இது சகஜம். நீளம் குறைந்ததைப் போட்டால் நிற்கும். ரேடியேஷன் எடுத்தவர்களுக்கு வால்வு இருக்கும் துளையே பெரிதாவதும் உண்டு. அதற்குப் பெரிய விட்ட வால்வு கேட்டு வாங்காதீர்கள், அது துளையை இன்னும் பெரிதாக்கலாம். டாக்டர் முடிவு செய்யட்டும். கசிவைப் பொறுத்துக்கொண்டு நாளைத் தள்ளாதீர்கள், தண்ணீரும் சாப்பாடும் நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரலாம்.

கேள்வி: மோர் குடித்தால் வால்வு நீடிக்குமா?

பதில்: நெதர்லாந்தில் ஆய்வகச் சோதனையில் மோர் வால்வில் படியும் பூஞ்சைப் படலத்தைக் குறைத்ததாகப் பார்த்திருக்கிறார்கள். தாராளமாகக் குடியுங்கள், ஆனால் தினம் இரண்டு முறையும் சாப்பிட்ட பிறகும் பிரஷ் போடுவதற்கு அது ஈடாகாது. வாயில் வெள்ளைப் படலம் தெரிந்தால் டாக்டர் பூஞ்சை மருந்து தருவார். நெஞ்செரிச்சலும் வால்வைச் சீக்கிரம் கெடுக்கும், அதையும் சொல்லுங்கள். வாஸ்லின் தடவ வேண்டாம், சிலிக்கானுக்கு ஆகாது.

கேள்வி: இருமும்போது வால்வு வெளியே விழுந்துவிட்டால்?

பதில்: இதுதான் அவசரம். வால்வு இருந்த துளை சில மணி நேரத்திலேயே சுருங்க ஆரம்பிக்கும். ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் கதீட்டரை (மெல்லிய குழாய்), பழக்கிய முறைப்படி அந்தத் துளை வழியே உணவுக்குழாய்க்குள் விட்டு, வெளி முனையை முடிச்சிட்டுக் கழுத்தில் டேப் போட்டு ஒட்டிவிட்டு அன்றே கிளம்புங்கள். எச்சில்கூட விழுங்காமல் துப்புவது நல்லது. நீண்ட நாள் இருக்கும் வகை வால்வை நீங்களே திரும்பச் செருக வேண்டாம். விழுந்த வால்வைக் காணோம் என்றால் கட்டாயம் சொல்லுங்கள், நுரையீரலுக்குள் போயிருக்கலாம், எக்ஸ்ரே எடுப்பார்கள். கதீட்டர் கையில் இல்லாதவர்கள் அடுத்த விசிட்டிலேயே கேட்டு வாங்கி, எப்படிப் போடுவது என்று வீட்டில் இன்னொருவரும் பழகுங்கள்.

கேள்வி: அம்மாவின் குரல் ஆண் குரல் மாதிரி இருக்கிறது. மாறுமா?

பதில்: கனமாகத்தான் இருக்கும், ஏனென்றால் அதிர்வது குரல் நாண் இல்லை. பயிற்சியால் தெளிவும் ஏற்ற இறக்கமும் கூடும், பழைய குரல் திரும்பாது. போனில் 'சார்' என்பார்கள், அம்மா தயங்காமல் பேசட்டும்.

கேள்வி: மயக்கம் வந்தால் ஆம்புலன்ஸ்காரரிடம் என்ன சொல்வது?

பதில்: "கழுத்தால் மூச்சு விடுகிறவர், ஆக்ஸிஜன் மாஸ்க்கைக் கழுத்துத் துளையில் வையுங்கள், மூக்கில் வேண்டாம்." இதை ஒரு அட்டையில் எழுதிப் பர்சில் வையுங்கள்.