வாசகர் கேள்வி – பதில்: கடல்மட்ட வரைபடத்தை எப்படிப் படிப்பது?

கே: பழைய மகாபலிபுரம் சாலை அருகே மனை பார்க்கிறோம். கிளைமேட் சென்ட்ரல் என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பின் இணைய வரைபடத்தில் ஒருமுறை பார்த்தால் சிவப்பு (கடல்நீர் புகக்கூடிய இடம்), அமைப்பை மாற்றினால் சிவப்பு இல்லை. எதை நம்புவது?

ப: திறந்ததும் வரும் படத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். முதலில் நாசாவின் கடல்மட்டக் கணிப்புக் கருவிக்குப் போய், உலக வரைபடத்தில் சென்னைப் புள்ளியைத் தட்டுங்கள். எஸ்எஸ்பி2-4.5 (நடுத்தர வெப்பவாயு வெளியீடு), எஸ்எஸ்பி5-8.5 (மிக அதிக வெளியீடு) என்ற இரண்டு நிலைகளிலும் 2050, 2100 ஆண்டுகளின் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் நடு எண்ணும், அதைச் சுற்றி ஒரு வரம்பும் இருக்கும். நடு எண்ணை மட்டும் எடுத்தால் போதாது. வீடு கட்டுபவருக்கு வரம்பின் மேல் எண்தான் முக்கியம். இந்த எண்கள் 1995–2014 சராசரியிலிருந்து கணக்கிடப்பட்டவை.

பிறகு கிளைமேட் சென்ட்ரலில் ‘நீர்மட்டம்’ வரைபடத்தைத் திறந்து அந்த மேல் எண்ணை வையுங்கள். புயலில் கடல் பொங்குவதையும் சேர்த்துப் பார்க்க, இன்னும் ஒரு மீட்டர் கூட்டுங்கள். மனை எந்த அளவில் சிவப்பாக மாறுகிறது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய விடை.

அந்த விடையும் தோராயம்தான். உலக அளவிலான தரை உயரத் தரவுக்கு அடிப்படை 2000ஆம் ஆண்டு விண்கலத்திலிருந்து எடுத்த ரேடார் அளவீடு. அது கூரையையும் மர உச்சியையும் தரை என்று எண்ணிவிடும். அதைத் திருத்தி 2019இல் வெளியான ஆய்வில், இன்றைய உயர் அலைக் கோட்டுக்கு (ஓதம் ஏறும்போது கடல்நீர் எட்டும் மட்டம்) கீழே வசிப்போர் கணக்கு 2.8 கோடியிலிருந்து 11 கோடியாக உயர்ந்தது. 2000க்குப் பிறகு மண் கொட்டி மேடாக்கிய மனையில் பிழை எதிர்த்திசையில் போகும்; தரை உண்மையைவிடத் தாழ்வாகத் தெரியும்.

இன்னொரு வம்பு, ‘கடலோடு தொடர்பற்ற பள்ளங்களை விலக்கு’ என்ற தெரிவு. பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் நீர் ஒக்கியம் மடுவு என்ற கால்வாய் வழியாக பக்கிங்ஹாம் கால்வாயில் சேர்கிறது. தரையை 30 மீட்டர் கட்டங்களாகப் பிரித்த தரவில் இத்தகைய குறுகிய வழிகள் தெரியாமல் போகலாம். அதனால் அந்தத் தெரிவை அணைத்துவிட்டும் ஒருமுறை பாருங்கள்.

முன்பணம் கொடுக்குமுன் சர்வேயரை வைத்து, இந்திய நில அளவைத் துறையின் பெஞ்ச்மார்க்கிலிருந்து (உயரம் அறியப்பட்ட அடையாளப் புள்ளி) மனையின் லெவல் எடுங்கள். அவர் தரும் உயரம் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து. வரைபடம் எண்ணுவதோ உயர் அலைக் கோட்டிலிருந்து. சென்னையில் சுமார் அரை மீட்டர் கழித்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

கே: அமெரிக்க அரசின் கடல், வானிலை அமைப்பான நோவாவின் கடல்மட்ட வரைபடக் கருவி இன்னும் துல்லியம் என்கிறார்களே?

ப: துல்லியம்தான், ஆனால் அது அமெரிக்கக் கடற்கரைகளுக்கும் அதன் ஆட்சிப்பகுதிகளுக்கும் மட்டுமே. விமானத்திலிருந்து லேசரால் தரையை அளந்த தரவு அங்கே இருக்கிறது.

கே: 2015 டிசம்பரில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். வரைபடத்திலோ சிவப்பே இல்லை!

ப: அது மழையும் ஆறும் கொண்டுவந்த வெள்ளம். இந்த வரைபடங்கள் கடலை மட்டுமே கணக்கில் கொள்கின்றன. மழை, வடிகால், கரை அரிப்பு எதுவும் அவற்றில் இல்லை. கடல்மட்டம் உயர்ந்தால் அடையாறு முகத்துவாரத்தில் நீர் வடிவது இன்னும் மெதுவாகும், அதுவும் சிவப்பில் வராது. பக்கத்து வீட்டுச் சுவரில் உள்ள 2015 வெள்ளக்குறியையும் அதே சர்வேயரிடம் அளக்கச் சொல்லுங்கள். மனைக்குக் கடல்மட்ட எண், வெள்ளக்குறி எண் என்ற இரண்டும் தேவை.