சுபேதார் பதில்கள்: குதிரை களைத்ததா, தளபதி களைத்தாரா?

(ராணுவத்தின் கோவேறு கழுதைப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்று, ஏற்காட்டில் மிளகுக் கொடி பார்த்துக்கொண்டிருக்கும் நம் சுபேதார், இந்த இதழில் போர் பற்றிய கேள்விகளை எடுத்துக்கொள்கிறார்.)

*போர் வந்துவிட்டால் எல்லாவற்றையும் தளபதியிடம் விட்டுவிட வேண்டியதுதானே ஐயா? துப்பாக்கியே பிடிக்காத அமைச்சருக்கு அங்கே என்ன வேலை?*
– கல்லூரி மாணவர், ஆத்தூர்

துப்பாக்கி பிடித்தவனுக்கு எல்லாம் தெரியும் என்று யார் சொன்னது தம்பி? எதற்காகப் போர், எதுவரை, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் ஓட்டு வாங்கி வந்தவரின் பொறுப்பு. எப்படி அடிப்பது என்பது தளபதியின் பாடு. தகராறு எப்போதும் நடு வரப்பில்தான்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஆன்டீட்டம் சண்டை 1862 செப்டம்பர் 17இல் முடிந்தது. எதிரி பின்வாங்கினான். வடக்குப் படையின் தளபதி மெக்லெல்லன் துரத்தவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் குதிரைகள் களைத்துப்போய்விட்டன, நோயில் கிடக்கின்றன என்று தகவல் அனுப்பிக்கொண்டிருந்தார். ‘அந்தச் சண்டைக்குப் பிறகு களைத்துப்போகிற அளவுக்கு உங்கள் குதிரைகள் என்னதான் செய்தன?’ என்ற பொருளில் அதிபர் லிங்கன் தந்தி அடித்தார். நவம்பர் 5இல் பதவி நீக்க உத்தரவு போட்டார். கால்நடையோடு காலம் தள்ளியவன் என்பதால் எனக்குக் குதிரைகள் மேல் இரக்கம் உண்டு. குளம்பு நோய் வந்தால் வாரக்கணக்கில் லாயத்தில்தான் நிற்கும். ஆனாலும் இந்த வழக்கில் நான் வக்கீல் லிங்கன் பக்கம். 1864 தேர்தலில் மெக்லெல்லன் அவரை எதிர்த்தே நின்று தோற்றார் என்பது கூடுதல் செய்தி.

*1962 சீனப் போரில் நேரு, பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் பேச்சைக் கேட்டதால்தானே ராணுவம் தோற்றது?*
– ஓய்வு பெற்ற ஆசிரியை, அம்மாப்பேட்டை

பாதி சரிங்கம்மா. மீதிப் பாதி, தளபதிகள் அவர்களோடு போட வேண்டிய சண்டையைப் போடாதது.

போட்டவர்கள் இருந்தார்கள். தலைமைத் தளபதி திம்மையா, மேனனோடு ஒத்துப்போகாமல் 1959 ஆகஸ்ட் 31இல் ராஜினாமா கொடுத்தார். நேரு சமாதானம் சொல்லித் திரும்பப் பெற வைத்தார். இரண்டே நாளில் நாடாளுமன்றத்தில் அவரைக் குறை சொல்லியும் பேசினார். அதைப் பார்த்த மற்ற அதிகாரிகள் என்ன பாடம் படித்திருப்பார்கள்?

1962 செப்டம்பரில் வடகிழக்கு எல்லையில் உள்ள தாக்லா மலைமுகட்டிலிருந்து சீனர்களை விரட்டச் சொல்லி உத்தரவு வந்தது. அப்போதைய தலைமைத் தளபதி தாப்பர், எழுத்தில் கொடுங்கள் என்றார். இணைச் செயலாளர் கையெழுத்தோடு எழுத்திலேயே வந்துவிட்டது! எனக்கு இன்றைக்கும் ஆறாத இடம் இது. காகிதம் வாங்கிக்கொண்டால் நாளைக்கு விசாரணை வரும்போது தளபதிக்கு உதவும். அந்த முகட்டுக்குக் கீழே நம்காச்சு ஆற்றங்கரையில் பருத்திச் சட்டையோடு நின்ற ஜவானுக்கு அது கம்பளி ஆகுமா?

‘ரேஷனும் குண்டும் சேர்க்காமல் முடியாது’ என்று களத்துக்குப் பொறுப்பான உம்ராவ் சிங் சொன்னார். அந்தப் பகுதியையே அவரிடமிருந்து எடுத்து, அக்டோபர் தொடக்கத்தில் கவுல் என்ற இன்னொரு தளபதியிடம் கொடுத்தார்கள். சப்ளை ஆள் என்ற முறையில் சொல்கிறேன், உம்ராவ் சிங் கேட்டது பயந்தாங்கொள்ளிக் கணக்கு அல்ல. விமானத்திலிருந்து மூட்டை போட்ட சாங்தார் 14,000 அடிக்கு மேல். நம் ஏற்காடு 5,000 அடிதான், மார்கழியில் இங்கேயே ஸ்வெட்டர் தேடுகிறோம். போட்ட மூட்டைகளில் நிறைய பள்ளத்தில் விழுந்து போயின. அக்டோபர் 20 விடியற்காலையில் சீனர்கள் அடித்தார்கள். அங்கே நின்ற நம் ஏழாவது பிரிகேடு சில மணி நேரத்தில் சிதறியது.

*ஏப்ரல் 1971இல் இந்திரா பாகிஸ்தானோடு போருக்குப் போகச் சொன்னபோது தலைமைத் தளபதி மானெக்‌ஷா முடியாது என்றாராமே?*
– வாசகர், மேட்டூர்

அவரே பிற்பாடு மேடைகளில் சொன்ன கதை, நன்றாகவும் சொல்வார். இந்திராவுக்கே ஏப்ரலில் அவ்வளவு அவசரம் இல்லை என்று எழுதும் வரலாற்று ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் காரணங்கள் அசலானவை: வங்காளத்தில் மழை வந்தால் வயலெல்லாம் ஆறு, இமயக் கணவாய்கள் திறந்திருந்தால் சீனா வரலாம். டிசம்பர் வரை பொறுத்ததால் 13 நாளில் முடிந்தது.

*1999 கார்கில் போரில் பாகிஸ்தானோடான எல்லைக் கோட்டைத் தாண்ட வேண்டாம் என்று அரசு சொன்னபோது உங்களுக்கெல்லாம் கோபம் வரவில்லையா?*
– வாசகி, சங்ககிரி

வராமல் இருக்குமா? திராஸ் பக்கம் மலை மேலே உட்கார்ந்திருந்த எதிரிக்குக் கீழே நம் ரோடு உள்ளங்கை மாதிரி தெரியும். விளக்கு போடாமல் ராத்திரியில் லாரிகள் ஊரும். அங்கிருந்து சரக்கெல்லாம் கழுதை முதுகில், கழுதை ஏற முடியாத இடத்தில் மனுஷன் முதுகில். பின்பக்கம் சுற்றிப் போய்க் கழுத்தைப் பிடித்தால் ஒரு வாரத்தில் முடியும் என்று டீ குடிக்கும்போது ஆளாளுக்குப் படம் வரைவோம். முன்பக்கமாகவே செங்குத்தில் ஏறியதற்குக் கொடுத்த விலை 500க்கு மேற்பட்ட உயிர். அந்தக் கட்டுப்பாட்டால்தான் உலக நாடுகள் நம் பக்கம் நின்றன, போர் பரவவில்லை என்று அப்புறம் படித்தேன். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஏற்றத்தில் மகனைப் பறிகொடுத்த அப்பாவிடம் இதை விளக்கச் சொன்னால் என்னால் ஆகாது.

*சேலம் மருத்துவக் கல்லூரிக்கு ஜெனரல் குமாரமங்கலத்தின் பெயரைத்தானே வைத்திருக்கிறார்கள்?*
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

இல்லைங்க, அது தம்பி மோகன் குமாரமங்கலம், இந்திராவின் எஃகு அமைச்சர். அண்ணன் பி.பி. குமாரமங்கலம்தான் ஜெனரல், 1966 முதல் 1969 வரை தலைமைத் தளபதி. அப்பா சுப்பராயன் சென்னை மாகாண முதல்வராக இருந்தவர். பூர்வீகம் திருச்செங்கோட்டுப் பக்கம், அன்றைக்கு அதுவும் சேலம் ஜில்லா. ஒரே வீட்டில் அமைச்சரும் தளபதியும் இருந்தால் சாப்பாட்டு நேரத்தில் என்ன பேசிக்கொள்வார்கள் என்று நானும் யோசித்ததுண்டு. அண்ணன் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் கழித்துத்தான் தம்பி மந்திரி ஆனார்.