அப்பாவுக்கு பெட் ஸ்கேன் எழுதியிருக்கிறார்கள். அந்தச் செலவைத் தவிர்க்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 64, சர்க்கரை நோயாளி. நுரையீரல் புற்றுநோய் என்று பயாப்ஸியில் உறுதியாகிவிட்டது. சிடி ஸ்கேனும் எடுத்தாயிற்று. இப்போது பெட்-சிடி எடுக்கச் சொல்கிறார்கள், பிறகும் தேவைப்படலாமாம். காப்பீட்டுத் தொகையும் குறைவு, சேமிப்பும் குறைவு. இதை விட்டுவிட்டு அந்தப் பணத்தைச் சிகிச்சைக்கு வைத்துக்கொள்ளலாமா?

பதில்: முதல் ஸ்கேனை விடாதீர்கள். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அது அல்ல. சிடி கட்டியின் வடிவத்தையும் அளவையும் காட்டும். பெட், எந்தச் செல்கள் சர்க்கரையை அளவுக்கு மீறி இழுக்கின்றன என்று படத்தில் ஒளிரவைத்துக் காட்டும். சிடியில் சாதாரண அளவில் தெரிந்த நிணநீர் முடிச்சிலோ, எலும்பிலோ, அட்ரீனல் சுரப்பியிலோ பரவல் இருப்பது இதில் வெளிப்படலாம். அப்படித் தெரிந்தால் திட்டமே மாறும். பலன் தராத பெரிய ஆபரேஷன் ஒன்று, அதன் வலியோடும் செலவோடும் தவிர்க்கப்படும். மூளை இயல்பிலேயே சர்க்கரையை அதிகம் எடுப்பதால் அங்குள்ள பரவலை பெட் சரியாகக் காட்டாது. எம்ஆர்ஐ தனியாக எழுதுவார்கள், அதையும் கணக்கில் சேருங்கள்.

தேதி வாங்குமுன் டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: ரேடியேஷன் கொடுக்க வாய்ப்பு உண்டா? உண்டென்றால், சிகிச்சையின்போது படுக்கும் அதே நிலையில், தட்டையான மேசையில் ஸ்கேன் எடுக்க முடியுமா என்று விசாரியுங்கள். அப்போதுதான் அந்தப் படத்தை, ரேடியேஷனைத் திட்டமிட எடுக்கும் சிடியோடு துல்லியமாகப் பொருத்தி, எங்கே கதிர் படவேண்டும் என்று வரைய முடியும். இதைக் கேட்காமல் விட்டு, பிறகு இரண்டாவது முறை பணம் கட்டுகிறவர்கள் உண்டு. சிகிச்சை தொடங்கப் பல வாரம் தள்ளிப்போனாலும் படம் பழையதாகிவிடும்.

பணம் வீணாகும் அடுத்த இடம் முன்தயாரிப்பு. ஸ்கேனுக்காக ஊசியில் போடும் எஃப்டிஜி மருந்தின் (கதிர்வீச்சு சேர்த்த ஒருவகைச் சர்க்கரை) கதிர்வீச்சு சுமார் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். மறுநாளைக்கு எடுத்துவைக்க முடியாது. தாமதமானால் கட்டணம் திரும்புமா என்று முன்பே கேளுங்கள். ஊசிக்கு முன் குறைந்தது 6 மணி நேரம் சாப்பிடக் கூடாது. வெறும் தண்ணீர் குடிக்கலாம். ரத்தச் சர்க்கரை 200 மி.கி.க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் வேறு தேதி கொடுத்துவிடுவார்கள். அதைக் குறைக்க அவசரமாக இன்சுலின் போட்டால் மருந்து தசைக்குள் போய்ப் படம் கெடும். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை, படத்தில் குடலை ஒளிரச் செய்யும். அதை எப்போது நிறுத்துவது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும், நீங்களாக நிறுத்த வேண்டாம். முந்தைய நாள் கடின உடற்பயிற்சியும் கூடாது. ஊசி போட்டபின் சுமார் 60 நிமிடம் அசையாமல் ஓய்வெடுக்க வேண்டும்.

ஒளிர்வதெல்லாம் புற்றுநோய் அல்ல. காசநோயும் மற்றத் தொற்றுகளும் அப்படியே தெரியும். ஒரே ஒரு புள்ளியை வைத்து ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவெடுப்பதானால் அங்கே பயாப்ஸி எடுக்கச் சொல்வார்கள். அதற்கும் பணம் ஒதுக்குங்கள். தீவிர நோய்க் காப்பீடு இருந்தால் அதற்கும் முக்கிய ஆவணம் பயாப்ஸி அறிக்கைதான், பெட் அறிக்கை அல்ல.

அடுத்தடுத்த ஸ்கேன்களில்தான் நீங்கள் கேள்வி கேட்கலாம்: "முடிவு எப்படி வந்தால் சிகிச்சை எப்படி மாறும்?" தெளிவான பதில் இல்லையென்றால், சிடி போதுமா என்று கேளுங்கள். நுரையீரல் புற்றுநோய்க்கு சிகிச்சை முடிந்து, அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு வழக்கமான கண்காணிப்பு சிடியில்தான். ரேடியேஷன் முடிந்து சுமார் 12 வாரத்துக்குள் பெட் எடுத்தால் வீக்கமும் நோய் போல ஒளிரும். கீமோவுக்குப் பிறகும் 2 முதல் 3 வாரம் இடைவெளி நல்லது. முடிந்தவரை அதே மையத்தில், அதே கருவியில் எடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் வசதி. அறிக்கையோடு படங்கள் உள்ள டிஸ்க்கையும் வாங்கிவையுங்கள். அது இல்லாமல் வேறு மருத்துவமனைக்குப் போனால் மறுபடி எடுக்கச் சொல்லலாம்.

காப்பீட்டில், மருத்துவமனையில் சேராமல் எடுக்கும் பரிசோதனைக்குத் தனி நிபந்தனை இருக்கும். சேர்வதற்கு எத்தனை நாள் முன்புவரை எடுத்த சோதனைக்குப் பணம் தருவார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டாக்டரின் கடிதத்தில் "பயாப்ஸியில் உறுதியான புற்றுநோய், சிகிச்சைத் திட்டத்துக்காக" என்ற காரணம் இருக்கட்டும். முன் அனுமதிக்கு விண்ணப்பித்த பிறகே தேதியை உறுதிசெய்யுங்கள். பணம் திரும்பி வர நாளாகும் என்பதால், சேமிப்பில் உடனே எடுக்கக்கூடிய பகுதியை மட்டும் இதற்குத் தொடுங்கள். நீண்டகால முதலீட்டைக் கலைக்கத் தேவையில்லை.