ஃபிஜி மொழியில் ‘என்’ சொல்ல எத்தனை வழிகள்?

கேள்வி: பல ஆண்டுகள் கோலாலம்பூரில் வேலை பார்த்ததால் எனக்கு மலாய் நன்றாகத் தெரியும். இப்போது ஃபிஜியின் தலைநகர் சுவாவில் பள்ளி ஆசிரியராகச் சேர்ந்திருக்கிறேன். மலாயில் ‘ரூமா சாயா’ என் வீடு, ‘கப்பாலா சாயா’ என் தலை. எல்லாவற்றுக்கும் ஒரே ‘சாயா’ போதும். இங்கே ‘என்’ என்பதற்கு நொங்கு, கெங்கு, மெங்கு என்று விதவிதமாகக் கேட்கிறேன். ‘என் அப்பா’ என்று சொல்ல ‘நொங்கு தமா’ என்றேன். உடன் வேலை பார்க்கும் ஆசிரியை உடனே திருத்தினார். எந்தச் சொல்லுக்கு எது என்று ஒரு பட்டியல் கிடைக்குமா?

பதில்: பட்டியல் கேட்காதீர்கள். பட்டியலை மனப்பாடம் செய்தவர்கள்தான் இந்த இடத்தில் அதிகம் தடுமாறுகிறார்கள். ஒரே பெயர்ச்சொல் இன்று நொங்கு பெறும், நாளை கெங்கு பெறும். ஃபிஜி மொழி பார்ப்பது பொருளை அல்ல, அந்தப் பொருளுக்கும் உங்களுக்கும் உள்ள உறவை.

முதலில் அப்பாவை எடுத்துக்கொள்வோம். பெற்றோர், பிள்ளை, கணவன், மனைவி, உடல் உறுப்புகள், பெயர் ஆகியவை உங்களிடமிருந்து பிரிக்க முடியாதவை. இவற்றுக்குத் தனியாக ‘என்’ கிடையாது; விகுதி பெயர்ச்சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். என் அப்பா தமங்கு, உன் அப்பா தமமு, அவருடைய அப்பா தமன. என் அம்மா தினங்கு, என் தலை உலுங்கு, என் பெயர் யதங்கு. மலாய் தெரிந்த உங்களுக்கு இது புதிதே அல்ல. ‘ரூமாகு, ரூமாமு, ரூமாஞா’ என்பதில் வரும் கு, மு, ஞா ஆகியவற்றின் உடன்பிறப்புகள்தாம் இந்த ங்கு, மு, ன. தைவான் முதல் மடகாஸ்கர் வரை பரவிய ஆஸ்திரோனேசியக் குடும்பத்தின் பழைய சொத்து இது. ஒரு வேறுபாட்டை மட்டும் கவனியுங்கள்: மலாயில் வீட்டுக்கும் தலைக்கும் இதே விகுதியைப் போடலாம், ஃபிஜியில் வீட்டுக்குப் போட முடியாது.

வீடு, கார், பணம், புத்தகம் போன்ற உடைமைகளுக்கு நொங்கு. ‘நொங்கு வலே’ என்றால் என் வீடு. நண்பருக்கும் நொங்குதான். உங்கள் வகுப்புப் பிள்ளைகளைச் சொல்லவும் நொங்குவே வரும். அவர்கள் உங்கள் பொறுப்பில் இருக்கிறார்கள், நீங்கள் பெற்றவர்கள் அல்ல. கோலாலம்பூர்க் கடைத்தெருவில் ‘சாயா புன்யா ரூமா’ என்று பேச்சுமலாயில் சொல்லியிருப்பீர்கள் அல்லவா? உடையவர் முன்னால், பொருள் பின்னால் என்ற அந்த வரிசை இங்கே அப்படியே கைகொடுக்கும்.

உண்பதற்கு கெங்கு, குடிப்பதற்கு மெங்கு. நான் குடிக்கப்போகும் தண்ணீர் ‘மெங்கு வை’. வை என்றால் தண்ணீர். அதே தண்ணீரைத் துணி துவைக்க வாளியில் பிடித்து வைத்திருந்தால் ‘நொங்கு வை’. ஆரஞ்சு, கரும்பு போல உறிஞ்சிச் சாப்பிடுபவை குடிப்பவற்றோடு சேரும். மருந்தும் அப்படியே.

இந்த மொழியின் நுட்பம் முழுதாகத் தெரிவது ஒரு சொல்லைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கும்போதுதான். உலு என்றால் தலை. உலுங்கு என்றால் என் கழுத்தின் மேல் இருக்கும் தலை. சாப்பாட்டில் உங்கள் தட்டில் மீன்தலையை வைத்தால் அது கெங்கு பெறும், ஏனென்றால் அதைத் தின்னப்போகிறீர்கள். அதையே விற்பதற்காகக் கூடையில் வைத்திருப்பவருக்கு நொங்கு. ‘தலை’ மாறவே இல்லை. உறவு மாறியது, முன்னால் நிற்கும் சொல்லும் மாறியது. ஆகவே வாயைத் திறக்கும் முன் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது: இது என்னில் ஒரு பகுதியா, என் வாய்க்குப் போவதா, என் கையில் இருப்பதா?

கெங்குவுக்கு இன்னொரு வேலையும் உண்டு, அதைப் பாடநூல்கள் பல பக்கங்கள் தள்ளியே சொல்கின்றன. எனக்கு அது முதல் வாரத்திலேயே தேவையான பாடமாகத் தோன்றுகிறது. ஒருவர் தாமாகச் செய்யாமல் அவருக்கு நேர்வது, அவரைப் பற்றியது, ஒன்றின் அளவு, விலை ஆகியவையும் இந்த வகையில் சேரும். கதை என்ற சொல்லுக்கு நொங்கு போட்டால் நான் சொல்லும் கதை. கெங்கு போட்டால் என்னைப் பற்றிப் பிறர் சொல்லும் கதை. தமிழில் ‘என் கதை’ என்றால் இரண்டையும் குறிக்கலாம், கேட்பவர்தான் ஊகிக்க வேண்டும். ஃபிஜியர் ஊகிக்க விடுவதில்லை.

இதே பார்வை நியூசிலாந்தின் மாவோரி மொழியில் இரண்டே உயிரெழுத்துகளில் அடங்கிவிடுகிறது. மேரே என்பது ஒருவர் பெயர். பாட்டு என்ற சொல்லுக்குப் பின் ‘ஆ மேரே’ என்றால் மேரே ஆக்கிய பாட்டு, ‘ஓ மேரே’ என்றால் மேரேயைப் பற்றிய பாட்டு. உறவில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதே அங்கே அளவுகோல். அதனால் ஒருவருடைய பிள்ளைகள் ‘ஆ’ வகை, பெற்றோர் ‘ஓ’ வகை. ஹவாய் மொழியும் இதே வழிதான்.

‘என்னிடம் பணம் இருக்கிறது’ என்று சொல்ல உங்களுக்குச் சிரமமே இருக்காது. தமிழைப் போலவே இங்கும் இருப்பைக் குறிக்கும் வினைதான் வரும்: ‘எ திக்கோ ந நொங்கு இலாவோ’, அதாவது ‘என் பணம் இருக்கிறது’.

எழுத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நொங்கு, கெங்கு, தமங்கு எல்லாவற்றிலும் வரும் ‘ங்க்’ ஒலியை ஃபிஜியர் ரோமன் எழுத்தில் ‘கியூ’ என்ற ஒரே எழுத்தால் எழுதுகிறார்கள். யதங்கு என்பதன் ‘த’ ஒலிக்கு ‘சி’ என்ற எழுத்து. ஆங்கிலப் பழக்கத்தில் படித்தால் உச்சரிப்பு கெட்டுவிடும்; தமிழ் எழுத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நான் இங்கே சொன்னவை பள்ளியிலும் வானொலியிலும் புழங்கும், பாவு என்ற சிறு தீவின் வட்டாரப் பேச்சை அடிப்படையாகக் கொண்ட பொதுவழக்கு. மேற்குப் பகுதியிலிருந்து வரும் மாணவர்கள் வீட்டில் வேறு மாதிரி பேசினால் அதைப் பிழையென்று திருத்திவிடாதீர்கள்.

இந்த வாரம் சந்தைக்குப் போகும்போது ஒரு கிழங்கைக் காட்டி ‘எ விதா ந கென இசாவ்?’ என்று கேளுங்கள். ‘இதன் விலை எவ்வளவு?’ என்பது பொருள். கென என்பது கெங்குவின் படர்க்கை வடிவம்: விலை கிழங்கின் கையில் உள்ள உடைமை அல்ல, கிழங்குக்கு உரியது.