இலை மட்டும் செழிக்கும் முள்ளங்கி

வணக்கம். சேலம் அம்மாபேட்டை மொட்டை மாடியில் குழித்தட்டில் முள்ளங்கி நாற்று விட்டு, பச்சைச் சாணம் கலந்த பையில் நட்டதாகவும், 50 நாளாகியும் இலை முழங்கால் உயரம், கிழங்கு பென்சில் கனத்தில் இரண்டாகப் பிளந்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள்.

பிளவுக்குக் காரணம் நாற்று நடவுதான். முள்ளங்கியில் ஆணிவேரே கிழங்காகிறது. பிடுங்கும்போது அதன் நுனி முறிந்தால் பக்கவேர்கள் பருக்கும். கல்லும் பச்சைச் சாணமும் இதையே செய்யும். போதாக்குறைக்கு, சாணத்தின் தழைச்சத்து இலையைத்தான் வளர்க்கும். இந்தச் செடிகள் இனித் தேறாது. கீரையைப் பொரியலுக்கு எடுத்துவிடுங்கள்.

அடுத்த முறை, ஓரடி ஆழப் பையில் சலித்த செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒன்று, கழுவிய தென்னைநார்க் கழிவு ஒன்று. அரை அங்குல ஆழத்தில் நேரடியாக விதையுங்கள். பத்தாம் நாள் 4 அங்குலத்துக்கு ஒன்று விட்டு மற்றதைக் கலைத்துவிடுங்கள். மனசு வராதுதான், ஆனால் நெருக்கத்தில் எதுவுமே பருக்காது. வெளியே தெரியும் கிழங்கின் தோளுக்கு மண் அணையுங்கள். காயவிட்டு மொத்தமாகத் தண்ணீர் ஊற்றினால் கிழங்கு வெடிக்கும்.

சேலம் வெயிலுக்குப் பூசா சேத்கி ரகம் தாங்கும். 40–45 நாளில் பிடுங்குங்கள், தாமதித்தால் உள்ளே நெட்டிபோல் பஞ்சாகிவிடும். நீங்கள் ஆசைப்பட்ட சிவப்பு உருண்டை ரகத்துக்குக் குளிர் வேண்டும். ஏற்காட்டில் இருக்கும் உங்கள் அக்கா வீட்டில் அது நன்றாக வரும். சேலத்தில் என்றால் கார்த்திகை, மார்கழியில் மட்டும் போட்டு, 30 நாளுக்குள் எடுத்துவிடுங்கள்.