அந்த மேசைக்குப் போய் இருக்கலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மட்டக்களப்பு டவுனில் இருந்து கல்முனைப் பக்கம் உள்ள ஒரு அரச கந்தோருக்கு மாற்றலாகி வந்திருக்கிறேன். எங்கள் பிரிவில் தமிழ் ஆட்களும் முஸ்லிம் ஆட்களும் ஏறத்தாழ சரிபாதி. நான் வருவதற்கு முன்பு, வீட்டு உதவிப் பயனாளிகள் பட்டியல் சம்பந்தமாக யாரோ மேலிடத்துக்குப் பெட்டிசம் போட்டிருக்கிறார்கள். யார் போட்டது என்று இன்றுவரை தெரியாது, ஆனால் இரண்டு பக்கமும் மற்றப் பக்கத்தைத்தான் சந்தேகப்படுகிறது. மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மேசை, முஸ்லிம் ஆட்கள் ஒன்றில், தமிழ் ஆட்கள் நாங்கள் ஒன்றில். போன கிழமை அந்த மேசையில் இருக்கும் ஒரு மூத்த ராத்தா, "மிஸ், இஞ்ச வந்து இரிங்களேன்" என்று கூப்பிட்டார். உடனே எங்கள் மேசை அக்கா காதுக்குள், "அங்க போனா கதை கொண்டுபோறாய் எண்டுதான் எல்லாரும் நினைப்பாங்க" என்றார். போகலாமா, வேண்டாமா?
வாசகி, கல்முனை

பதில்: போங்கள் தங்கச்சி. கூப்பிட்டவர் மூத்தவர், அதுவும் எல்லோருக்கும் கேட்கும்படி கூப்பிட்டிருக்கிறார். அவருடைய மேசையிலும் இரண்டு பேராவது முகம் சுளித்திருப்பார்கள், அது தெரிந்துதான் கூப்பிட்டிருக்கிறார்.

ஆனால் தனியாகப் போக வேண்டாம். காதுக்குள் சொன்ன அந்த அக்காவையே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போங்கள், பக்கத்திலேயே இருந்து எல்லாக் கதையையும் கேட்கிறவர் நீங்கள் கதை கொண்டுபோனதாகச் சொல்ல முடியாது. வரவே மாட்டேன் என்றால் ஒரு நாள் அங்கே இருங்கள், அடுத்த நாள் உங்கள் மேசையிலேயே இருங்கள். ஒரேயடியாக இடம் மாறினால்தான் வில்லங்கம்.

கையில் கொண்டுபோகும் கறி மீனாகவோ மரக்கறியாகவோ இருக்கட்டும். இறைச்சி என்றால் ஹலாலா என்ற யோசனை வரும், கேட்கவும் கூச்சம், வேண்டாம் என்று சொல்லவும் கூச்சம், அந்தச் சங்கடத்தை முதல் நாளே ஏன் கொடுக்க வேண்டும்? அதேபோல அவர் உங்கள் சோற்றில் ஒரு கரண்டி போட வரும்போது, நீங்கள் மாட்டிறைச்சி சாப்பிடாதவர் என்றாலோ அன்று வெள்ளிக்கிழமை என்றாலோ முழுங்கி முழுங்கி நிற்காமல் நேராகச் சொல்லிவிடுங்கள். "ராத்தா, எனக்கு மாடு சரிவராது, அந்த முருங்கையிலைச் சுண்டல்ல கொஞ்சம் தாங்க." வேண்டாம் என்ற கையோடு இன்னொன்றைக் கேட்டு வாங்கினால் மனம் நோகாது. அடுத்த நாள், "உங்கட புளியாணத்துக்கு என்ன போட்டீங்க?" என்று கேட்டுப் பாருங்கள், பத்து நிமிடம் நீங்கள் வாயே திறக்கத் தேவையில்லை.

சரி, என்ன கதைப்பது? பெட்டிசத்தைப் பற்றி மூச்சு விடாதீர்கள். நீங்கள் பிறகு வந்தவர் என்பதால் அதை விசாரிக்கும் ஆள் நீங்கள்தான் என்று யாராவது உசுப்பிவிடுவார்கள், அதில் மாட்ட வேண்டாம். கல்முனை வடக்குக்குத் தனிப் பிரதேச செயலகம் வேண்டுமா என்ற பிரச்சினையும் அந்த மேசைக்கு வேண்டாம். பழைய கணக்குகளும் வேண்டாம். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் வீரமுனையிலும், செப்டம்பரில் சத்துருக்கொண்டானிலும் நடந்த படுகொலைகளில் ஆட்களை இழந்த குடும்பங்கள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு அன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு, பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருக்கிறவரைக் கூட ஒருமாதிரிப் பார்த்த நாட்களும் இருந்தன. இதெல்லாம் மதிய இடைவேளையில், சோற்றுப் பார்சலுக்கு மேலே வைத்துத் தீர்க்கிற விஷயம் இல்லை. என்றைக்காவது கதை தானாக அந்தப் பக்கம் திரும்பி அவர் தன் வீட்டு இழப்பைச் சொன்னால் கேளுங்கள். "எங்களுக்கும்தான்" என்று பாதியில் குறுக்கே விழாதீர்கள்.

வீட்டைப் பற்றிக் கதையுங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். மேடையில் ஏறுகிற ஒவ்வொருவரும் தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று சொல்லிச் சொல்லி எனக்குப் பிட்டே வெறுத்துப்போனது, ஆனால் இந்தக் கரையில் இரண்டு சனமும் ஒரேமாதிரிப் படுகிற பாடு ஒன்று உண்மையிலேயே இருக்கிறது, அது பெண்பிள்ளைக்கு வீடு கட்டுவது. தாயின் பரம்பரை வழி வரும் குடி முறை இரண்டு பக்கமும் இருக்கிறது, கல்யாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பதும் இரண்டு பக்கமும் இருக்கிறது, ஆகவே மகளுக்கோ தங்கச்சிக்கோ வீடு முடியும் வரை தகப்பனுக்கும் அண்ணன்மாருக்கும் நித்திரை இல்லை. "தங்கச்சிட வீடு லிண்டல் மட்டத்தோட நிக்குது ராத்தா, சீமெந்து வாங்கியே அப்பா களைச்சிட்டார்" என்று நீங்கள் ஒரு வசனம் சொன்னால், "அல்லாவே, எனக்கு மூணும் பொம்புளப் புள்ளயள்" என்று அங்கிருந்து பதில் வரும். யாரிடம் மேசன் வேலைக்குக் கொடுத்தது, யார் காசை வாங்கிக்கொண்டு ஓடியது, எந்த வங்கியில் கடன் கிடைக்கும் என்று கதை ஓடும். வீட்டு உதவிப் பட்டியலில் சண்டை பிடிக்கிற இரண்டு பக்கத்துக்கும் வீட்டுக் கவலை ஒன்றுதான் என்பது அப்போது யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும்.

ஆர்தர் ஆரன் என்ற அமெரிக்க உளவியலாளரும் கூட இருந்தவர்களும் 1997இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். முன்பின் தெரியாத இரண்டு பேரை இருத்தி, 36 கேள்விகளை மாறி மாறிக் கேட்க வைத்தார்கள், 45 நிமிட வேலை. முதல் கேள்வியே, உலகத்தில் யாரையும் இராச் சாப்பாட்டுக்குக் கூப்பிடலாம் என்றால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்பதுதான். போகப்போகக் கேள்விகள் உள்ளே போகும், குடும்பம், வெட்கப்பட்ட சம்பவம், கடைசியாக அழுதது என்று. முடியும்போது, சும்மா பொதுவாகக் கதைத்த சோடிகளைவிட இவர்கள் ஒருவருக்கொருவர் நெருக்கமாக உணர்ந்தார்கள். கவனிக்க வேண்டியது இரண்டு விஷயம். இரண்டு பேரும் சொன்னார்கள், அதுவும் சின்னதில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக. நீங்கள் முதல் நாளே சொந்தச் சோகத்தை எல்லாம் கொட்டினால் அந்த ராத்தா பயந்துவிடுவார். நீங்கள் ஒன்றுமே சொல்லாமல் அவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தால் அதற்குப் பெயர் விசாரணை.

ஒன்று மறந்துவிட்டேன். இரண்டு மேசையும் சேர்ந்து பெரிய சேரைத் திட்டினால் பத்தே நிமிடத்தில் எல்லோரும் ஒட்டிக்கொண்டது போலத் தெரியும், ஆனால் இன்று அவரைத் திட்டிய வாய் நாளை யாரைத் திட்டும் என்ற யோசனையோடுதான் ஒவ்வொருவரும் எழும்பிப் போவார்கள்.

கேள்வி: எங்கள் முகாமையாளர் மாதம் ஒருமுறை எல்லோரையும் ஹோட்டல் பஃபேக்குக் கூட்டிப் போகிறார், ஒற்றுமை வளரவாம். போகிறோம், அவரவர் கூட்டத்தோடு இருந்து சாப்பிடுகிறோம், போட்டோ எடுக்கிறோம், திங்கட்கிழமை பழையபடி. இதில் ஏதும் பிரயோசனம் உண்டா?
வாசகர், மட்டக்களப்பு

பதில்: சாப்பாடு நன்றாக இருந்தால் உண்டு! மற்றப்படி, தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்று தனக்கு வேண்டியதைத் தானே போட்டுக்கொண்டு வந்து இருப்பதில் யாரும் யாருக்காகவும் ஒன்றும் செய்யவில்லையே. கெய்ட்லின் வூலி, அயலெட் ஃபிஷ்பாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஒரு பரிசோதனையில், சம்பளப் பேச்சுவார்த்தை நடத்துவது போல ஆட்களைச் சோடியாக நடிக்க விட்டார்கள், வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருப்பதாகக் கணக்கு. சிப்ஸை ஒரே கிண்ணத்தில் எடுத்துச் சாப்பிட்ட சோடிகள் சராசரியாக 9 வேலைநிறுத்த நாளில் உடன்பாட்டுக்கு வந்தார்கள், தனித்தனிக் கிண்ணக்காரருக்கு இன்னும் 4 நாள் பிடித்தது. இதைப் படித்தபோது எனக்குக் காத்தான்குடிக் கல்யாண வீட்டுச் சஹன் சோறுதான் ஞாபகம் வந்தது. ஐந்தாறு பேர் ஒரே தட்டைச் சுற்றி இருந்து, நடுவில் இருக்கும் இறைச்சியைப் பக்கத்தில் இருப்பவர் பக்கம் தள்ளிவிடுவார்கள். தான் மட்டும் பெரிய துண்டை இழுத்தால் அந்த ஆள் எப்படிப்பட்டவர் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

எல்லோரும் ஒரே தட்டில் கை வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை, பழக்கம் இல்லாதவருக்கு அது பெரிய சங்கடம். அடுத்த மாதம் பஃபேக் காசை வாங்கி நீங்களே சமைக்கலாமா என்று முகாமையாளரைக் கேட்டுப் பாருங்கள். வெங்காயம் உரிக்க ஒருவர், கணவாய் கழுவ ஒருவர், தேங்காய் துருவ ஒருவர். கூட்டம் கூட்டமாக நிற்க அங்கே இடம் இருக்காது. கோர்னெல் பல்கலைக்கழகத்துக்காரர் 2015இல் வெளியிட்ட ஒரு ஆய்வில், அமெரிக்கத் தீயணைப்பு நிலையங்களில் சேர்ந்து சாப்பிடும் குழுக்களுக்கு வேலையிலும் மேலதிகாரிகள் கூடுதல் மதிப்பெண் போட்டிருந்தார்கள். நல்ல குழு என்பதால்தான் சேர்ந்து சாப்பிடுகிறார்களோ என்று கேட்டால், அதுவும் இருக்கலாம். அதற்காகச் சமைக்காமல் விடத் தேவையில்லை.

கேள்வி: சாப்பிடும்போது ஒரு அக்காவிடம் என் கணவர் கட்டாரில் வேலை இழந்து வந்திருப்பதைச் சொன்னேன். அடுத்த கிழமை பியோன் வரை எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. இனி யாரிடமும் வாய் திறப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன்.
வாசகி, திருக்கோவில்

பதில்: கோபம் நியாயம். ஆனாலும் முடிவெடுக்க முன்பு அந்த அக்காவிடம் தனியாக ஒரு தடவை, சத்தம் போடாமல் சொல்லுங்கள், "அக்கா, அது உங்களுக்கு மட்டும் சொன்னது." சில பேர் உண்மையிலேயே உதவி தேடித்தான் நாலு பேரிடம் சொல்லியிருப்பார்கள், யாருக்காவது வேலை தெரியுமா என்று. சில பேருக்கு வாய் நிற்காது. எந்த வகை என்று அவருடைய முகத்தைப் பார்த்தாலே விளங்கும். வாய் நிற்காதவர் என்றால் அவரோடு பிள்ளைகளின் புலமைப்பரிசில் பரீட்சை, பஸ் நேரம், மீன் விலை என்று கதையுங்கள், அதுவும் கதைதான். இனிமேல் புதிதாக ஒருவரிடம் சொல்லும்போது, ஊருக்கே தெரிந்தாலும் பரவாயில்லை என்கிற அளவில் ஒன்றைச் சொல்லிவிட்டு ஒரு மாதம் பார்த்திருங்கள். அது திரும்பி வராவிட்டால் அடுத்ததைச் சொல்லலாம். ஒருவர் செய்ததற்கு எல்லோரிடமும் வாயைப் பூட்டினால் உங்களுக்குத்தான் மூச்சு முட்டும், வீட்டிலும் இப்போது சுகமான நேரம் இல்லையே.

கேள்வி: நோன்பு மாதத்தில் மற்ற மேசை காலி. அவர்கள் முன்னால் சாப்பிடலாமா?
வாசகர், அக்கரைப்பற்று

பதில்: கேட்டால் "நீங்க சாப்பிடுங்க, எங்களுக்கு ஒண்டுமில்ல" என்றுதான் சொல்வார்கள், மனதாரத்தான் சொல்வார்கள். ஆனாலும் வேறு அறை இருந்தால் அங்கே போய்ச் சாப்பிடுங்கள், கருவாட்டுக் குழம்பு வாசத்தில் ஃபைல் பார்ப்பது யாருக்கும் லேசில்லை. நோன்பு திறக்கக் கூப்பிட்டால் கட்டாயம் போங்கள், கஞ்சியும் சம்சாவும் நிச்சயம். பேரீச்சம்பழம் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு, நோன்பு திறக்கும் மஃரிப் நேரத்துக்குக் கால் மணித்தியாலம் முந்தியே போய்விடுங்கள்.